பலகையை ஏன் யாரும் பார்ப்பதில்லை?

கேள்வி: எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையில் ‘லீன்’ முறை என்று சொல்லிப் பெரிய பலகை ஒன்று மாட்டினார்கள். வரைபடம், வண்ணத்தாள் எல்லாம் இருக்கிறது. முதல் மாதம் நின்று பார்த்தவர்கள் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆட்களுக்கு அக்கறை இல்லை என்கிறார் மேலாளர். அதுதான் காரணமா?
– வாசகர், பகாவ்

பதில்: அக்கறைமேல் பழி போடுமுன் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். குலை வெட்டுபவர் காம்பின் வெட்டுவாயில் தம் எண்ணை எழுதி மேடையில் அடுக்குகிறார். யார் வெட்டியது, பழமா காயா என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. மரத்தடியில் உதிரிப்பழம் கிடந்தால், மேலே குலை பழுத்திருப்பதை அண்ணாந்து பார்க்குமுன்பே தரை சொல்லிவிடும். ரப்பர் மரத்தில் மாதாமாதம் வைத்த வண்ணப் புள்ளியும் அப்படித்தான்; பால்வெட்டில் எவ்வளவு பட்டை கரைந்தது என்று காட்டியது. வீண்வேலையைக் களையும் லீன் முறை சொல்லும் ‘காட்சிவழி மேலாண்மை’ இதுதான்: வேலை சரியாகப் போகிறதா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் காட்டும் ஏற்பாடு.

இவற்றையெல்லாம் கவனிக்கும் ஆட்கள் பலகையை மட்டும் ஏன் விட்டார்கள்? காம்பிலுள்ள எண்ணுக்கு அன்றைக்கே பதில் உண்டு. காயை வெட்டியிருந்தால் மண்டோர் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பார். உங்கள் பலகையிலோ போன மாத எண்ணெய் விகிதம் இருக்கும். அது சிவப்பாகவே இருந்தாலும் இந்த ஷிப்டில் நிற்பவர் என்ன செய்ய முடியும்? கேட்பாரில்லாத கணக்கை யாரும் நின்று படிக்கமாட்டார்கள்.

டொயோட்டா ஆலைகளில் ‘ஆண்டோன்’ உண்டு. கோளாறு எங்கே என்று விளக்கால் காட்டும் பலகை. தொழிலாளி கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும், குழுத் தலைவர் வந்து நிற்பார். குறித்த இடத்தை வண்டி எட்டுமுன் கோளாறு தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். அந்தத் தலைவரின்கீழ் ஐந்தாறு பேர்தான் என்பதால் அவரால் ஓடிவர முடிகிறது. அதனால் பலகைக்குமுன் குழுவைச் சரிசெய்யுங்கள். குலை இறக்கும் மேடை, குலையை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர், பிழிபொறி, கொதிகலன் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரையும், அங்கேயே ஒரு சிறு பலகையையும் வையுங்கள்.

மேடையிலிருந்து தொடங்கச் சொல்வேன். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் வேகவேண்டும்; தாமதித்தால் எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கும். குவியலுக்குக் குவியல் லாரி வந்த நேரத்தைப் பெரிதாக எழுதிவைத்தால் எதை முதலில் தள்ளவேண்டும் என்று கேட்கவே வேண்டாம். ஸ்டெரிலைசரின் அழுத்தமானி முகத்தில், சுமார் 3 பார் உள்ள இடத்தில் பச்சைப் பட்டை ஒட்டுங்கள். இந்தோனேசியரோ நேபாளியரோ வங்காளதேசத்தவரோ, முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்க மொழி தேவையில்லை. எழுதுவது அந்த இடத்தில் நிற்பவராகவே இருக்கட்டும். ஆபீசில் தட்டச்சிட்டு வருவதை அவர் தம் கணக்காக எண்ணமாட்டார்.

கூடிப் பேச உங்களுக்குப் பழைய வழக்கமே இருக்கிறது. தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டு நடக்கிறதே, அதுபோல ஷிப்ட் தொடங்கும்போது பலகைமுன் பத்து நிமிடம் நில்லுங்கள். சிவப்பானதை மட்டும் பேசுங்கள்: என்ன ஆயிற்று, யார் பார்ப்பது, எப்போதைக்குள். தலைவரால் தீராதது அன்றே மேலாளரிடம் போகவேண்டும். அவரும் பலகை இருக்கும் இடத்துக்கே வரவேண்டும்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். சிவப்பு எழுதியவர் முதல் நாளே திட்டு வாங்கினால் மறுநாளிலிருந்து எல்லாம் பச்சையாகிவிடும். பிழிபொறி தேய்ந்ததும் குலை தேங்கியதும் பலகைக்கு வராது, மாதக் கடைசியில் எண்ணெய்க் கணக்கில்தான் வரும். மேலாளரிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள். அவர் சம்மதித்தபின் மேடையில் ஒரே ஒரு பலகை மாட்டி, எழுதுகோலை அங்கே நிற்பவர் கையில் கொடுங்கள்.