மேட்டூர் நீர்த்தேக்கமும் பழைய பூமிப்படமும்

மேட்டூர் அணை 1925-ஆம் வருஷத்தில் தொடங்கப்பெற்று 1934-ஆம் வருஷத்தில் முடிவுற்றது. அதற்கு முன் சாம்பள்ளி, நாயம்பாடி முதலிய ஊர்களும் அவற்றின் விளைநிலங்களும் இருந்த காவேரிப் பள்ளத்தாக்கை இன்று நீர் மூடியிருக்கிறது. ஆயினும் அந்நிலத்தின் மேடு பள்ளங்களை, அணைக்கு முன் சர்வே இலாகாவார் அளந்து வரைந்த பூமிப்படத்தில் காணலாம். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிக் காட்டும் இப்படம், நீர் வடிந்த காலத்தில் பண்ணவாடி முதலிய இடங்களில் பயிரிடுவோருக்கு மிக்க பயனுடையது.

படத்தில் கவனிக்க வேண்டியவை சம உயரக் கோடுகள். கடல் மட்டத்திற்கு மேல் ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது சம உயரக் கோடாகும். கோடுகள் நெருங்கியிருப்பின் அவ்விடம் சரிவானது, விலகியிருப்பின் சமமானது. சம நிலத்தில் நீர் ஓர் அடி ஏறினாலும் வெகு தூரம் பரவும்.

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது கடல் மட்டத்திற்கு மேல் 790 அடியாகும். ஆகவே தினந்தோறும் அறிவிக்கப்படும் நீர்மட்டத்துடன் 670-ஐக் கூட்டினால், நீர் எவ்வுயரத்தில் நிற்கிறதென்பது விளங்கும். நீர்மட்டம் 30 அடியானால் நீர் 700 அடிக் கோட்டைத் தொடும்; 80 அடியானால் 750 அடிக் கோட்டைத் தொடும்.

உதாரணமாக, ஒருவர் பயிரிடும் நிலம் 740 அடி உயரத்தில் உள்ளதெனக் கொள்வோம். நீர்மட்டம் 70 அடியானதும் அந்நிலத்தில் நீர் ஏறும். விதைக்கும் நாளில் நீர்மட்டம் 60 அடியெனில், இடையே உள்ளது 10 அடியே. தென்மேற்குப் பருவமழையால் கருநாடக அணைகள் நிரம்பி உபரிநீர் வருங்கால், இப்பத்து அடியும் சில நாட்களிலேயே ஏறிவிடக்கூடும். ஆதலால் இத்தகைய நிலத்தில் குறுகிய வயதுள்ள பயிரையே, ஆடி வெள்ளத்திற்கு முன் தானியம் வீடு சேரும்படி விதைத்தல் வேண்டும்.

இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை தேவை. முதலாவது, 1934-க்குப் பின் வண்டல் படிந்து பல இடங்களில் தரை உயர்ந்துள்ளது. நீர் வடியும்போது கரையோரத்தில் முளை அடித்து, அன்றைய நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால், படத்தின் உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, இப்படம் உயரத்தைக் காட்டுமேயன்றிப் பாத்தியதையைக் காட்டாது. எல்லை, பட்டா ஆகியவற்றிற்குக் கிராமப் புலப்படமும் கணக்குகளுமே ஆதாரம். கிராம அதிகாரிகள் இவ்வேறுபாட்டைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பின் வீண் வழக்குகள் குறையும்.