வயலுக்கு எந்தக் கேமரா வாங்கலாம்?

இந்தத் தடவை கரைசல், உரம் பத்தி எழுதலை. கேமரா பத்தி எழுதறேன். உழவர் பத்திரிகையில கேமராவுக்கு என்ன வேலைன்னு சிலர் கேப்பீங்க. நாம மருந்துக் கடைக்காரர் சொல்றதைக் கேட்டு வயல்ல கொட்டறவங்க இல்லை. பார்த்து முடிவு எடுக்கறவங்க. ஆனா நெல்லுல நல்லது செய்யற பூச்சி பலதும் 3 மில்லிமீட்டர், அதுக்கும் கீழே. நாப்பது வயசைத் தாண்டின கண்ணுக்கு அது பச்சையா ஒரு புள்ளி, அவ்வளவுதான். அங்கதான் கேமரா வருது.

எங்க ஊர்க் குழுவுல விதை வித்த பணம் கொஞ்சம் சேர்ந்தது. ஒரு கேமரா வாங்கலாம்னு பேச்சு வந்ததும் ரெண்டு கட்சி ஆயிடுச்சு. இளைஞர்கள், கல்யாண வீட்டுல படம் எடுக்கறவர் வச்சிருக்காரே, அந்த மாதிரி பெரிய மிரர்லெஸ் கேமராதான் வேணும்னாங்க. மத்தவங்க, தண்ணியில விழுந்தாலும் கெடாத கையடக்கக் கேமரா போதும்னாங்க. ரெண்டையும் இரவல் வாங்கி, குறுவையிலும் சம்பாவிலும் வயலுக்குள்ள கொண்டுபோய்ப் பார்த்தேன். பார்த்ததை இங்க எழுதறேன்.

முதல்ல இது ரெண்டும் என்னன்னு தெரிஞ்சுக்கணும். பழைய பெரிய கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை அது மேலே திருப்பி நம்ம கண்ணுக்குக் காட்டும். அந்தக் கண்ணாடியை எடுத்துட்டு, சென்சார் பார்க்கறதை நேரா திரையில காட்டறது மிரர்லெஸ். வேலைக்குத் தக்கபடி லென்ஸை மாத்திக்கலாம். தொழில்முறை ஆட்கள் அதிகமா வச்சிருக்கறது 36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சார் உள்ள வகை. கையடக்க வகையில நான் பார்த்தது ஓஎம் சிஸ்டம் டிஜி-7. 2023-ல வந்தது. இதுக்கு முந்தினது 2019-ல ஒலிம்பஸ் பேர்ல வந்த டிஜி-6. ஒலிம்பஸோட கேமரா பிரிவு தனிக் கம்பெனியா பிரிஞ்சதால பேர் மாறியிருக்கு, வம்சம் ஒண்ணுதான். பழசு வாங்க நினைக்கறவங்க ரெண்டு பேர்லயும் தேடுங்க.

டிஜி-யோட சென்சார் ரொம்பச் சின்னது, ஏறக்குறைய 6-க்கு நாலரை மில்லிமீட்டர். பரப்பைக் கணக்குப் போட்டா பெரியது முப்பது மடங்கு. மழையில முற்றத்துல ஒரு அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைங்க. அடை மழைன்னா டம்ளரும் நிறைஞ்சுடும். தூறல்ல டம்ளர்ல அடி நனையறதோட சரி. வெளிச்சமும் அப்படித்தான். நல்ல வெயில்ல ரெண்டு படத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. விடியற நேரம், மேகமூட்டம், ராத்திரின்னு வந்தா சின்ன சென்சார் படம் மணல் தூவின மாதிரி ஆயிடும். இதைக் கேட்டதும் இளைஞர் கட்சி ஜெயிச்சுட்டோம்னு சிரிச்சாங்க. கொஞ்சம் பொறுங்க.

கிட்டப்போய் எடுக்கறப்போ பெரிய சென்சாருக்கு ஒரு சங்கடம் இருக்கு. பூச்சியோட நிஜ அளவே சென்சார்ல விழற மாதிரி மேக்ரோ லென்ஸ் போட்டு, துவாரத்தை எஃப் 8-ல வச்சா, தெளிவா விழற ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். பூச்சியோட கண்ணு தெளிவா இருந்தா பின்னங்கால் புகை மாதிரி இருக்கும். துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கினா ஆழம் ரெண்டு மில்லிமீட்டர் ஆகும். ஆனா வெளிச்சம் நாலுல ஒரு பங்காக் குறையும். அப்போ பிளாஷ் வேணும், இல்லைன்னா ஸ்டாண்டு வேணும். சேத்துல ஸ்டாண்டு நிக்காதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே பூச்சியை அதே அளவுக்கு நிரப்பி எடுத்தா, ஒரே எஃப் எண்ணுல சின்ன சென்சாருக்கு ஆழம் கூடுதல். அழகுப் படம் எடுக்கறவங்களுக்குப் பின்னணி மங்கலா இருக்கணும், அதனால அவங்களுக்கு இது குறை. நமக்கு உணர்கொம்பும் தெரியணும், காலும் தெரியணும்.

டிஜி-யில நுண்ணோக்கி முறைன்னு ஒண்ணு இருக்கு. லென்ஸுக்கு 1 சென்டிமீட்டர் கிட்ட வரைக்கும் பொருளை வைக்கலாம். ஒரு நெல்லுமணி திரையை நிறைச்சு நிக்கும். கவனத்தை முன்னும் பின்னும் நகர்த்தி பத்துப் படம் வரைக்கும் தானே எடுத்து ஒண்ணாச் சேர்க்கற வசதியும் உண்டு. காத்துல ஆடற இலையில இது வேலை செய்யாது. இலையை இடது கை விரல்ல பிடிச்சுக்கிட்டு, அதே விரல் மேல கேமராவைச் சாய்ச்சு வச்சா ஓரளவு நிக்கும். அவ்வளவு கிட்டப் போறதால கேமரா நிழலே விழும். லென்ஸைச் சுத்தி மாட்டற வெளிச்ச வளையம் தனியா விக்கறாங்க, அதை மாட்டிக்கிட்டா நிழல் பிரச்சினை தீரும்.

எதுக்கு இவ்வளவு நுணுக்கம்னா, ஒரு விஷயம் சொல்றேன். போன சம்பாவுல பக்கத்து வயல் அண்ணன் காலையிலயே கூப்பிட்டார். "தூரைத் தட்டினா பச்சையா குதிக்குதுப்பா, தத்துப்பூச்சி ஏறிடுச்சு. இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் ஊற வச்சுட்டேன், சாயந்திரம் அடிச்சுடறேன்" அப்படின்னார். அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாம் அண்ணேன்னு டிஜி-யை எடுத்துக்கிட்டுப் போனேன். குத்துக்கு நடுவுல கையை விட்டு, தண்ணி மட்டத்துக்கு ஒரு விரல்கிடை மேலே தண்டுகிட்ட வச்சு எடுத்தேன். கேமராவோட அடிப்பாகம் தண்ணியிலதான் இருந்தது. வரப்புல உக்காந்து பெரிசு பண்ணிப் பார்த்தோம். பச்சைத் தத்துப்பூச்சிக்கு உணர்கொம்பு மயிரிழை மாதிரி கட்டையா, இருக்கறதே தெரியாம இருக்கும். இதுக்கு நீளமான உணர்கொம்பு, மெல்லிசா நீளமான கால், தலையில கருப்பு. பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி. தத்துப்பூச்சி, புகையானோட முட்டையையும் குஞ்சையும் உறிஞ்சித் திங்கற நம்ம ஆள்.

அடுத்த படத்துல பழுப்பா ரெண்டு மூணு இருந்தது. பின்னங்காலை உத்துப் பார்த்தா, அசையற முள்ளு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்தது. அந்த முள்ளு இருந்தா அது புகையான் குடும்பம். ஆக, எதிரியும் இருந்தது, எதிரியைத் திங்கறதும் இருந்தது. எண்ணிக்கையில திங்கறதுதான் அதிகம். மூலிகைக் கரைசல்னாலும் காரம் காரம்தான், நல்ல பூச்சின்னு பார்த்து விடாது. அண்ணன் அடிக்கறதைத் தள்ளிப் போட்டார். வயல் தண்ணியை வடிச்சோம். பத்து நாள் கழிச்சுப் பார்த்தப்போ புகையான் பெருகலை. மிரிட் மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், தண்ணி வடிச்சதுக்கும் பங்கு இருக்கும்.

மிரர்லெஸ்ல இந்தப் படம் எடுக்க முடியாதான்னா, முடியும். கால்ல இருக்கிற ரோமம் வரைக்கும் எண்ணலாம். ஆனா கேமராவும் மேக்ரோ லென்ஸும் சேர்ந்து ஒண்ணேகால் கிலோ கிட்ட வருது. டிஜி கால் கிலோ. கதிர் வர்ற பருவத்துல ரெண்டு குத்துக்கு நடுவுல அந்த நீள லென்ஸ் நுழையாது. முக்கியமா, கடன் வாங்கின சாமானை முழங்கால் சேத்துல ஒத்தைக் கையில பிடிக்கறப்போ மனசு பூச்சி மேல இருக்காது. பக்கத்து வட்டாரத்துல ஒரு குழு நல்ல மிரர்லெஸ் வாங்கிச்சு. அது பீரோவுல துண்டு சுத்திப் பத்திரமா இருக்கு. விழாவுக்கு மட்டும் வெளியே வரும்.

தண்ணி, தூசு விஷயத்துல வார்த்தையைக் கவனிங்க. மிரர்லெஸ் விளம்பரத்துல மழைக்குத் தாங்கும்னு போட்டிருந்தா தூறலுக்குத் தாங்கும்னு அர்த்தம், முக்கி எடுக்கலாம்னு இல்லை. டிஜி 15 மீட்டர் ஆழத் தண்ணிக்கும், 2.1 மீட்டர் உயரத்துல இருந்து விழறதுக்கும் செஞ்சது. மிரர்லெஸ்ல லென்ஸைக் கழட்டினா சென்சார் கிட்டத்தட்ட திறந்த வீடு. களத்துல நெல்லு தூத்தறப்போ லென்ஸ் மாத்தினா சுணை உள்ளே போகாம இருக்காது. ஐப்பசி கார்த்திகை ஈரத்துல லென்ஸுக்குள்ள பூஞ்சாணம் பிடிக்கும், நூல் நூலாக் கிளை விடும். காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40-ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வச்சுக்கணும். விதையை எப்படி வைக்கறோமோ அதே பக்குவம்தான். வறுத்த அரிசிக்குள்ள கேமராவைப் புதைக்காதீங்க, மாவு உள்ளே போயிடும்.

பெரிய கேமரா ஜெயிக்கற இடங்களையும் மறைக்காமச் சொல்லணும். தட்டான் கிட்ட 1 சென்டிமீட்டர் போக விடாது. 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ்ல அரைச் சாணுக்கு மேல தள்ளி நின்னு எடுக்கலாம். விளக்குப் பொறியில ராத்திரி என்ன விழுதுன்னு பதிவு பண்ண பெரிய சென்சார்தான் சரி. பேட்டி வீடியோ எடுத்துப் போடற எண்ணம் இருந்தா டிஜி வேணாம், அதுல வெளி மைக் மாட்ட வழியே இல்லை. காத்துச் சத்தம்தான் பேசும். அப்புறம் விதைப் புத்தகம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லின்னு ஒவ்வொண்ணையும் உமியோட, அரிசியா, கதிரா எடுத்து அச்சுல போடறப்போ நிறமும் நுணுக்கமும் மிரர்லெஸ்ல வர்ற அழகே தனி. ஆனா அந்த வேலை வருஷத்துக்கு ரெண்டு நாள். வீட்டுக்குள்ள, ஜன்னல் வெளிச்சத்துல, மேசை மேல. பல டவுன்ல கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்குது.

அச்சுக்கு டிஜி-யோட 12 மெகாபிக்சல் போதாதுன்னு ஒரு தம்பி சொன்னார். கணக்குப் போட்டுக் காட்டினேன். படம் 4000-க்கு 3000 புள்ளி. ஏ4 தாள் முழுசா 300 புள்ளி அடர்த்தியில அடிக்க 3508-க்கு 2480 போதும். இந்தப் பத்திரிகையோட அட்டைக்கே காணும், வெளிச்சம் நல்லா இருந்தா.

விலை மாறிக்கிட்டே இருக்கறதால ரூபாயில எழுதலை. முழு அளவு சென்சார் மிரர்லெஸும் மேக்ரோ லென்ஸும் புதுசா வாங்கினா லட்சத்தைத் தாண்டிடும். டிஜி அதுல ஒரு பங்குதான். அதுவும் முடியாதவங்க வருத்தப்பட வேணாம். முழுச் செடி, நோய் வந்த இலைக்குப் போன் போதும். போன்ல மாட்டற கிளிப் லென்ஸ் சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது; பொறிவண்டுப் புழு அளவுக்கு அது தாராளம். முதலை மாதிரி இருக்கேன்னு அந்தப் புழுவை நசுக்கறவங்க இன்னும் இருக்காங்க, அவங்க கையில முதல்ல இதைக் கொடுங்க.

எங்க குழு டிஜி-யையே வாங்கிச்சு. விதைப் படத்துக்கு மிரர்லெஸை வாடகைக்கு எடுக்கறதுன்னு முடிவு. எதை வாங்கினாலும் எடுக்கற முறை ஒண்ணுதான். முதல்ல வயலோட எந்த இடம்னு தெரியற மாதிரி ஒரு படம், அப்புறம் செடி, அப்புறம் பூச்சி, பக்கத்துல ஒரு பள்ளிக்கூட அடிக்கோல். பூச்சியை முதுகுப் பக்கம் மட்டும் எடுத்து அனுப்பினா யாராலயும் பேர் சொல்ல முடியாது. பக்கவாட்டுல கால் தெரியற மாதிரியும், முன்னால உணர்கொம்பு தெரியற மாதிரியும் வேணும். புல்லுக்கும் இப்படித்தான். நாத்துப் பருவத்துல நெல்லா, குதிரைவாலிக் களையான்னு சந்தேகம் வந்தா, இலை தண்டோட சேர்ற இடத்தைக் கிட்டப் போய் எடுங்க. நெல்லுக்கு அங்க நாக்கு மாதிரி வெள்ளைச் சவ்வு இருக்கும், களைக்கு இருக்காது. எடுத்த தேதி, நெல் ரகம், நட்டு எத்தனை நாள்னு நோட்டுல எழுதிடுங்க. டிஜி-யில இருப்பிடம் தானே பதிவாகும், ஆனா அதை எப்பவும் போட்டு வச்சா பேட்டரி மதியத்துக்குள்ள காலி.

சேத்துல இருந்து வந்ததும் மூடியைத் திறக்காதீங்க. முதல்ல நல்ல தண்ணியில அலசி, துடைச்சு, காய்ஞ்ச பிறகுதான் பேட்டரி மூடியைத் திறக்கணும். ரப்பர் வளையத்துல ஒரு மணல் இருந்தாலும், ஒரு தலைமுடி இருந்தாலும் அடுத்த தடவை தண்ணி உள்ளே போகும். வருஷத்துக்கு ஒரு தடவை வளையத்தை மாத்தணும். பஞ்சகவ்யம், மீன் அமிலம் பட்டா உடனே கழுவிடுங்க. பழசு வாங்கறவங்க அந்த மூடியையும் வளையத்தையும் பார்க்காம காசு கொடுக்காதீங்க. கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிஞ்ச மாதிரி இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. எங்க கேமரா விதை வங்கி அறையில, விதை நோட்டுக்குப் பக்கத்துல ஆணியில தொங்குது. எடுத்துட்டுப் போறவங்க பேரும் தேதியும் எழுதணும். மிச்சப் பணத்துல ரெண்டாவது பேட்டரியும் வெளிச்ச வளையமும் வாங்கியாச்சு.