ஷட்டர் வேகம்: கேமராவுக்குள் ஒரு பின்னப் பாடம்

குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 100 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றாள். சமயநல்லூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து நடந்தே பள்ளிக்கு வருபவள். போட்டிகள் தாமதமாகி, இறுதி ஓட்டம் நடந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. என் தம்பி கொடுத்த பழைய கேமராவை எடுத்துக்கொண்டு முடிவுக்கோட்டின் ஓரமாக நின்றேன். அவள் நாடாவைத் தொட்ட நொடியில் சரியாகவே அழுத்தினேன்.

மறுநாள் படத்தைக் காட்டினேன். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள். பின்னாலிருந்த வேப்பமரமும் நாற்காலிகளும் பளிச்சென்று இருந்தன. நடுவில் நீலமும் வெள்ளையுமாக ஒரு தீற்றல். அதுதான் அவள். முகமே இல்லை. அவள் வீட்டில் யாரும் போட்டியைப் பார்க்க வரவில்லை. அம்மாவிடம் காட்டுவதற்கு இருந்தது அந்த ஒரு படம்தான்.

"கேமரா பழசு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மையில் தவறு கேமராவில் இல்லை. அன்று இரவு படத்தின் விவரப் பகுதியைத் திறந்து பார்த்தபோது '1/30' என்று இருந்தது. அந்த எண்ணின் பொருள் எனக்குத் தெரியாது. பதினைந்து ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கிறேன். ஒளியியல் பாடத்தில் கேமராவின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தும் இருக்கிறேன். ஆனாலும் தெரியாது. அதைக் கற்றுக்கொண்ட கதையைத்தான் இங்கே பகிர்கிறேன். கேமராவோ, கைப்பேசியோ வைத்திருக்கும் எந்த ஆசிரியருக்கும் இது பயன்படும். கணக்கு, அறிவியல் வகுப்புகளுக்கு நல்ல கருவியாகவும் அமையும்.

ஷட்டர் என்பது என்ன?

கேமராவுக்குள் ஒளியை உணரும் சென்சார் இருக்கிறது. அதன் முன்னால் திரை போல் இருப்பது ஷட்டர். நாம் பொத்தானை அழுத்தும்போது திரை விலகி, குறிப்பிட்ட நேரம் ஒளியை உள்ளே விட்டு, மீண்டும் மூடிக்கொள்கிறது. திறந்திருக்கும் அந்த நேரத்தையே 'ஷட்டர் வேகம்' என்கிறோம். பெயரில்தான் வேகம், உண்மையில் அது ஒரு கால அளவு. கைப்பேசியில் நகரும் திரை கிடையாது. சென்சாரே அவ்வளவு நேரம் மட்டும் ஒளியைப் பதிவு செய்கிறது. கணக்கு ஒன்றுதான்.

கேமராவில் இந்த வரிசை இருக்கும்: 1, 1/2, 1/4, 1/8, 1/15, 1/30, 1/60, 1/125, 1/250, 1/500, 1/1000. எல்லாம் விநாடியின் பின்னங்கள். ஒவ்வொரு படியிலும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிறது; உள்ளே வரும் ஒளியும் பாதியாகிறது. 8-க்கு அடுத்து 16 வராமல் 15 வருவதும், 60-க்கு அடுத்து 125 வருவதும் வசதிக்காகச் செய்த முழுமையாக்கமே. இவற்றுக்கு இடைப்பட்ட மதிப்புகளும் பெரும்பாலான கேமராக்களில் உண்டு.

கேமராத் திரையில் பலநேரம் '250' என்று மட்டுமே தெரியும். அதை 1/250 என்று படிக்க வேண்டும். எண்ணை அடுத்து இரட்டை மேற்கோள் குறி இருந்தால் அது முழு விநாடி.

நான் முதலில் இடறிய இடமும் இதுதான். 30-ஐ விட 500 பெரியது. ஆகவே அதிக நேரம் என்று நினைத்தேன். நான்காம் வகுப்புக் குழந்தை 1/8, 1/4-ஐ விடப் பெரியது என்று எழுதும்போது சிவப்பு மையால் திருத்தும் நான், அதே தவறைச் செய்தேன். பகுதி பெருகினால் பின்னம் சிறுக்கும் என்பது எனக்கும் அன்றுதான் கைக்கு எட்டியது. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் பின்னங்களை ஒப்பிடக் கற்பிக்கும்போது, ஒரே மாணவனின் ஓட்டத்தை 1/15, 1/60, 1/500 என எடுத்த மூன்று படங்களைக் காட்டிப் பாருங்கள். எது சிறிய பின்னம் என்று குழந்தைகளே சொல்வார்கள்.

படம் ஏன் கலங்கியது?

அவள் 100 மீட்டரை ஏறக்குறைய 15 விநாடியில் ஓடினாள். அதாவது விநாடிக்கு 6.7 மீட்டர். 1/30 விநாடியில் அவள் கடந்த தொலைவு 6.7 ÷ 30, ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். ஒரு முகத்தின் அகலத்தைவிட அதிகம். ஷட்டர் திறந்தபோது ஓரிடத்தில் இருந்த முகம், மூடும்போது அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. தீற்றல் வராமல் என்ன செய்யும்? 1/500 வைத்திருந்தால் நகர்வு 1.3 சென்டிமீட்டர்தான். 1/1000 என்றால் அதிலும் பாதி.

ரயிலுக்கும் இதே கணக்கு. மதுரை – திண்டுக்கல் வழித்தடத்தில் அமைந்த எங்கள் ஊர் மாணவர்களுக்கு இந்த எடுத்துக்காட்டு உடனே பிடிபடும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் ரயில், 72 × 5/18 = விநாடிக்கு 20 மீட்டர் நகரும். 1/20 விநாடியில் 1 மீட்டர். 1/1000 விநாடியில் 2 சென்டிமீட்டர். ஒன்பதாம் வகுப்பு 'இயக்கம்' பாடத்தில் அலகு மாற்றம் கற்பிக்கும்போது இதைக் கொடுக்கலாம். இது தாளில் செய்யும் கணக்கு மட்டுமே. மாணவர்களைத் தண்டவாளத்தின் பக்கம் அழைத்துச் செல்ல வேண்டாம்.

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறுக்கே ஓடுபவரைவிட நம்மை நோக்கி ஓடி வருபவரின் தீற்றல் குறைவு. தொலைவில் இருப்பவரின் தீற்றலும் குறைவு. எனவே முடிவுக்கோட்டின் பக்கவாட்டில் நிற்பதைவிட, தடத்துக்கு வெளியே சற்றுத் தள்ளி, ஓடி வருபவரின் முகம் தெரியும்படி நிற்பது நல்லது.

விரைவுக்குக் கொடுக்கும் விலை

'அப்படியானால் எப்போதும் 1/1000 வைத்துவிடலாமே?' என்று நானும் கேட்டேன். வைத்தேன். மாலை நேரத்தில் படம் இருட்டாக வந்தது. 1/30-லிருந்து 1/500-க்குப் போக நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாவதால், உள்ளே வருவது 1/16 பங்குதான். அந்தக் குறையை இரண்டு வழிகளில் ஈடுசெய்யலாம். ஒன்று, லென்ஸின் துளையை, அதாவது அப்பர்ச்சரை, அகலமாக்குவது. மற்றது, ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவது. 100-லிருந்து 1600-க்குக் கூட்டினால் 16 மடங்கு, கணக்கு நேராகிவிடும். ஆனால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியத் தொடங்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் காண முடியும். தீற்றலான முகத்தை முடியாது.

தொடங்குபவர்களுக்கு எளிய வழி, ஷட்டரை மட்டும் நாம் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதைக் கேமராவிடம் விடுவது. நிக்கான் கேமராவின் வட்டத் திருகில் 'எஸ்' என்றும், கேனான் கேமராவில் 'டிவி' என்றும் இந்த நிலை குறிக்கப்பட்டிருக்கும். 'டைம் வேல்யூ' என்பதன் சுருக்கமே 'டிவி'. அதோடு ஐஎஸ்ஓ-வைத் தானியங்கியாக விட்டுவிடுங்கள். பல கைப்பேசிகளில் 'புரோ' என்ற நிலையில் ஷட்டர் நேரத்தை மாற்றலாம்.

நான் கேமராப் பையில் எழுதி வைத்திருக்கும் அளவுகள் இவை:

• மேடையில் நின்று பேசுபவர்: 1/125
• கைத்தட்டல், பரிசளிப்பு, வகுப்பறைச் செயல்பாடு: 1/250
• ஓட்டம், கபடி, நடனம்: 1/500 முதல் 1/1000
• நீளம் தாண்டுதல், துள்ளும் நீர்த்துளி: 1/1000
• கையில் பிடித்து அசையாப் பொருளை எடுக்க: லென்ஸின் குவியத் தொலைவுக்குக் குறையாத எண் (50 மி.மீ. என்றால் 1/60, 200 மி.மீ. என்றால் 1/250)

வகுப்பறையில் ஒரு சிக்கல் வரலாம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் சோக் பொருத்திய குழல் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. 1/1000 வைத்தால் படத்தில் கருமையான பட்டைகள் விழும். அங்கு 1/50 அல்லது 1/100 வைத்து, மாணவர்களைச் சற்று அசையாமல் இருக்கச் சொல்வதே வழி.

ஆளில்லாத மதுரை

இந்தப் பாடத்துக்கு வரலாற்றுச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர் லின்னேயஸ் டிரைப். 1858இல் வெளியான அவருடைய மதுரைப் படத் தொகுதிகளில் மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம், வைகை எல்லாம் உண்டு. தூண்களின் வேலைப்பாடு இன்றும் வியக்க வைக்கும் தெளிவோடு இருக்கிறது. ஆனால் எப்போதும் சந்தடி மிக்க மதுரை, அந்தப் படங்களில் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கிறது. அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவ்களுக்கு ஒளி மிக மெதுவாகவே ஏறும். நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரத்தில் நடந்துபோனவர்கள் தடமின்றி மறைந்துவிடுவார்கள். நின்ற கல் பதியும். நடந்த மனிதர் பதிய மாட்டார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1878இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்தார். ஓட்டத்தின் ஒரு கட்டத்தில் குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றனவா என்பது அன்றைய கேள்வி. கண்ணால் பார்த்துத் தீராத விவாதத்தைக் குறுகிய ஷட்டர் நேரம் தீர்த்து வைத்தது. ஆம், எழும்புகின்றன.

மூன்று செயல்பாடுகள்

1. குழாயடி: பள்ளிக் குழாயை மெல்லத் திறந்து, ஒழுகும் நீரை 1/15, 1/125, 1/1000 என மூன்று முறை எடுங்கள். முதல் படத்தில் நூல் போலவும் கடைசிப் படத்தில் மணிமணியாகவும் நீர் தெரியும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மீது பீய்ச்சும் தண்ணீர், சில படங்களில் கோடாகவும் சிலவற்றில் துளிகளாகவும் தெரிவது ஏன் என்று கேளுங்கள்.

2. மின்விசிறியின் வேகம்: விசிறியை நிறுத்தி, மெயினையும் அணைத்த பிறகு, ஓர் இறக்கையின் நுனியில் சிறு வெள்ளைத்தாளை ஆசிரியரே ஒட்டுங்கள். நேர் கீழே இருந்து 1/30 விநாடியில் படமெடுத்து அச்சிடுங்கள். வெள்ளைத் தீற்றல் மையத்தில் அமைக்கும் கோணத்தை மாணவர்கள் கோணமானியால் அளக்கட்டும். 60° வந்தால், விநாடிக்கு 60 × 30 = 1800°, அதாவது 5 சுற்று; நிமிடத்துக்கு 300 சுற்று. கைப்பேசி, படத்தை வரிவரியாகப் பதிவு செய்வதால் இறக்கை சற்று வளைந்து தெரியலாம். அது ஏன் என்பதும் நல்ல கேள்விதான்.

3. சிலம்பம்: தெரிந்த மாணவரைச் சுற்றச் சொல்லி 1/15-லும் 1/1000-லும் எடுங்கள். முதலாவதில் கம்பு வட்டமாகிறது. இரண்டாவதில் காற்றில் நின்றுவிடுகிறது. எது சிலம்பத்தைக் காட்டுகிறது என்று விவாதிக்கலாம். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் முதல் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தீற்றல் எப்போதும் பிழையல்ல; நாம் தெரிந்து வைத்தால் அது இயக்கத்தின் பதிவு.

ஒரு வேண்டுகோள். மாணவர்களைப் படமெடுக்கும் முன் பெற்றோரின் ஒப்புதலைப் பெறுங்கள். படத்தை அச்சிட்டு அவர்களிடம் கொடுங்கள். சமூக ஊடகங்களில் பரப்ப வேண்டாம்.

மறு ஆண்டு

அதே மாணவி ஒன்பதாம் வகுப்பில் மீண்டும் ஓடினாள். போட்டி தொடங்கும் முன்பே 1/1000 வைத்து, இரண்டு சோதனைப் படங்கள் எடுத்துப் பார்த்துவிட்டுக் காத்திருந்தேன். இம்முறை அவள் நான்காவதாக வந்தாள். வருத்தத்தோடு வந்து அருகில் நின்றவளிடம் கேமராத் திரையைக் காட்டினேன். பல்லைக் கடித்த முகம், காற்றில் எழும்பிய பின்னல், மண்ணைவிட்டு மேலே நின்ற பாதங்கள்.

"டீச்சர், ரெண்டு காலுமே தரையில இல்ல!" என்றாள்.

மைபிரிட்ஜின் குதிரையைப் பற்றி அவளிடம் நான் அதுவரை சொன்னதில்லை. அன்று மைதானத்திலேயே சொன்னேன். இரண்டு பிரதிகள் அச்சிட்டேன். ஒன்று அவள் வீட்டில் இருக்கிறது. மற்றொன்றை எங்கள் ஆய்வகச் சுவரில், முதல் ஆண்டின் கலங்கிய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கீழே 1/30 என்றும் 1/1000 என்றும் எழுதியிருக்கிறேன். புதிதாக வரும் மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் பாடம் அங்கிருந்து தொடங்குகிறது.