வேப்பம்பட்டில் கிளினிக் திறந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஸ்டேஷன் பக்கத்தில் பிசியோதெரபி கிளினிக் போட்டிருக்கிறாயாம், மகிழ்ச்சி. உன்னிடம் இடுப்புவலிக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ரயிலேறுகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். பாதிப் பேர் எம்ஆர்ஐ ஃபிலிமை நீட்டி, "டிஸ்க் பல்ஜ் சார்" என்று நோயின் பெயரையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். ஃபிலிமை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்: படுத்தால் வலி குறைகிறதா, நடமாடினால் குறைகிறதா?

இருபத்தைந்து வயதுப் பையன், "விடியக்காலம் வலியில முழிப்பு வந்துடுது, எழுந்தா உடம்பு கட்டை மாதிரி இருக்கு, வேலைக்குப் போனா விட்டுடுது" என்கிறானா? மூன்று மாதத்துக்கு மேலாகவா? அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸை நினை. புட்டத்தில் வலி பக்கம் மாறுகிறதா, குதிகால் வலிக்கிறதா, எப்போதாவது கண் சிவந்து வெளிச்சம் கூசியதா, சொரியாசிஸ் உண்டா என்று கேள். பெண்களென்றால் கூடுதலாக விசாரி. பிரசவத்துக்குப் பிறகு வரும் இடுப்புவலி என்று சொல்லியே அவர்களை வருஷக்கணக்கில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு டிராக்‌ஷனும் பெட் ரெஸ்ட்டும் வேண்டவே வேண்டாம்.

நோய் பெரும்பாலும் தொடங்குவது சாக்ரோஇலியாக் மூட்டில். டிஸ்க்குக்காக எடுத்த ஸ்கேனில் அந்த மூட்டு சரியாகப் பதிவாகியிருக்காது. எக்ஸ்ரேயும் சில வருஷங்கள் ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். ஹெச்எல்ஏ-பி27 தொடர்பு 1973-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் அது பாசிட்டிவாக இருக்கும் பலர் ஆயுள் முழுக்க நன்றாகவே இருக்கிறார்கள். ரிப்போர்ட்டை வைத்து யாரையும் பயமுறுத்தாதே. ருமட்டாலஜி டாக்டரிடம் அனுப்பு. உன் ஊர் ரயில் சென்ட்ரலில்தான் நிற்கிறது. எதிரே அரசு பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது.

அழற்சி குறைக்கும் வலி மாத்திரைதான் முதல் மருந்து. தெருமுனையில் கிடைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை முதுகெலும்புக்கு உதவாது. வலி மாத்திரைக்கு அடங்காவிட்டால் அடலிமுமாப் போன்ற ஊசிகள். 2014-ல் இந்தியத் தயாரிப்பு வந்தபிறகு விலை இறங்கியது, என்றாலும் சுமைதான். அந்த ஊசி உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்பதால் முதலில் அதற்குச் சோதிப்பார்கள். 1968-ல் பிசிஜி தடுப்பூசியின் மாபெரும் பரிசோதனை தொடங்கியது உங்கள் திருவள்ளூர் வட்டாரத்தில்தான்; அங்கே காசநோய் அவ்வளவு பழசு. காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்த முதுகுவலி என்றால் முதுகெலும்புக் காசநோயோ என்றும் பார்க்கச் சொல்.

ஊசி வேலை செய்து வலி போனதும் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். விடாதே, போன் போட்டுக் கூப்பிடு. நிமிரும் பயிற்சி, மூச்சை இழுத்து நெஞ்சை விரிப்பது, முடிந்தால் நீச்சல். சிகரெட்டை நிறுத்தச் சொல். முதுகு எவ்வளவு வளைகிறது என்று அளக்க, நிற்கவைத்து இடுப்புக்குழி மட்டத்தில் ஒரு புள்ளி, 10 செ.மீ. மேலே இன்னொன்று வை. குனியும்போது இடைவெளி 15-ஐ எட்டவேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி, டாக்டருக்கு அனுப்பு.

வீடியோவில் வரும் நெட்டி முறிக்கிற வித்தை இவர்களிடம் கூடவே கூடாது. இறுகிய முதுகெலும்பு சின்ன அடிக்கே உடையும். பழைய நோயாளி பைக்கிலிருந்து விழுந்து புதுவலியோடு வந்தால், எக்ஸ்ரேயில் முறிவு தெரியாவிட்டாலும் அதை நம்பாதே. கழுத்தை நேராக்க முயலாமல், இருக்கிற வளைவிலேயே தாங்கிப் பிடித்து ஆம்புலன்ஸில் ஏற்று.

அன்புடன்,
உன் அண்ணன்