பாட்டி மடியில் வளரும் மூளை: 8 குறிப்புகள்

நீலகிரியின் எமரால்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கவும் கேரட் தோட்டத்துக்கும் அம்மாக்கள் காலையிலேயே கிளம்பிவிட்டால், குழந்தைகள் பாட்டியிடமோ அங்கன்வாடியிலோதான் இருப்பார்கள். பிறக்கும்போது பெரியவர்கள் மூளையில் கால்வாசியாக இருக்கும் குழந்தையின் மூளை, 5 வயதுக்குள் ஏறத்தாழ 90 சதவீத அளவை எட்டிவிடுகிறது. அந்த வளர்ச்சிக்கு, கூடவே இருப்பவர்கள் செய்யக்கூடியவை இவை.

1. பேசிவிட்டுக் காத்திருங்கள். தேயிலைக்குள் நிற்கும் காட்டுமாட்டைக் குழந்தை கைகாட்டி, "ம்மா" என்கிறதா? "ஆமா தங்கம், காட்டுமாடு! எவ்வளவு பெருசு பாரு!" என்று சொல்லி, அதன் முகத்தைப் பாருங்கள். அது மறுபடி குரல் கொடுக்கும். நீங்களும் பதில் சொல்லுங்கள். இப்படி மாறி மாறிப் பேசும்போது மூளையின் நரம்பு இணைப்புகள் வலுப்படுகின்றன.

2. வீட்டில் படுகு மொழி பேசினால் படுகிலேயே கொஞ்சுங்கள். தமிழும் சேர்ந்து காதில் விழுந்தால் குழந்தை குழம்பாது, இரண்டையும் கற்றுக்கொள்ளும்.

3. விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. கிண்ணம், கரண்டி, மூடியுள்ள டப்பா போதும். ஜமைக்காவில் 1980களில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் 2 ஆண்டுகள் வாரந்தோறும் போய், கையால் செய்த பொருட்களை வைத்து விளையாட அம்மாக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 20 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த உதவி கிடைக்காதவர்களைவிட வளர்ந்துவிட்ட அந்தக் குழந்தைகளின் வருமானம் சுமார் 25 சதவீதம் அதிகமாக இருந்தது.

4. குளிருக்கு இதமாக இருக்கும் என்று வர்க்கியை டீயில் நனைத்து ஊட்டாதீர்கள். டீ, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் முழுமையாகச் சேரவிடாது. இரும்புச்சத்து குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் தாய்ப்பாலோடு ராகிக் கூழ், கீரை, பருப்பு, முட்டை கொடுங்கள். பச்சைக் கேரட் துண்டு தொண்டையில் அடைக்கும்; வேகவைத்து மசித்துக் கொடுங்கள். சமையலுக்கு அயோடின் உப்பையே வாங்குங்கள்.

5. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காயவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மூளையைத் தாக்கும், உயிரையும் பறிக்கும். கம்பளியும் குல்லாவும் போட்டுக் கதகதப்பாக வையுங்கள்.

6. அடைமழை நாட்களில் கையில் செல்போனைக் கொடுத்துவிடாதீர்கள். 2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பட்டாணி உரிக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்துக் கதை சொல்லுங்கள்.

7. அழும் குழந்தையைத் தூக்கி அணைத்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகாது. தினமும் சண்டையும் அடியும் பார்க்கும் குழந்தையின் மூளை, கற்பதை விட்டுப் பயப்படவே பழகிவிடும்.

8. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா? "அவங்கப்பாவும் லேட்டுதான்" என்று விட்டுவிடாதீர்கள். அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ அந்த வாரமே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சீக்கிரமே பயிற்சி தொடங்கலாம்.