கொல்லிமலையும் நில உபயோகத் திட்டமும்

கொல்லிமலைச் சரிவில் ஒருவர் எதைப் பயிரிடுகிறார் என்பது அவரை மட்டும் பொறுத்த விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அம்மலையில் உற்பத்தியாகும் ஐயாறு நாமக்கல் ஜில்லாவை விட்டுப் புளியஞ்சோலை வழியாகத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இறங்குகிறது. மேலே கரையும் மண் கீழே வாய்க்காலைத் தூர்க்கும்.

மலையில் காடு 1882-ம் வருஷத்து வனச் சட்டப்படி வன இலாகாவின் வசம் உள்ளது. பட்டா நிலமும் புறம்போக்கும் ரெவின்யூ கணக்கில் அடங்கும். மிளகு, காப்பிக்கு யோசனை கூறுவது தோட்டக்கலை இலாகா; ரஸ்தா போடுவது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் உண்டு. மழைநீரோ எந்தப் படத்தையும் பார்த்து ஓடுவதில்லை.

இதன் பலனை மரவள்ளியிற் காணலாம். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களில் 1970-க்குப் பின் மரவள்ளி பரவிற்று. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்குக்குக் கிராக்கி இருந்தது. சாமையைக் குத்திப் புடைப்பதோ பெண்களுக்குப் பெரும் பாரம். ரொக்கம் தேடிய மலையாளிக் குடியானவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. ஆயினும் மரவள்ளி முதற் சில மாதங்களில் நிலத்தை நன்கு மூடுவதில்லை. கிழங்கு பிடுங்கும்போது சரிவு முழுதும் கிளறப்படுகிறது. வீட்டுத் தானியமும் குறைந்தது. இம்மாறுதலை எந்த இலாகாவும் தீர்மானிக்கவில்லை. தனித்து நின்று திருத்த எதனாலும் இயலவுமில்லை. 1990-களில் அங்கு வேலை தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் விதை வங்கியோடு நில்லாமல், உமி நீக்கும் இயந்திரத்தையும் விற்பனை ஏற்பாட்டையும் சேர்த்தே கொண்டுவர நேர்ந்தது.

பல ஊர்களை ஒரே வட்டாரமாக்கித் திட்டமிட 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம் இடந்தருகிறது. நீலகிரியில் ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் ஆரம்பித்த மலைப்பிரதேச அபிவிருத்தி வேலை, பிற்பாடு நீர்ப்பிடிப்பு நிலத்தையே அளவாகக் கொண்டது. கொல்லிமலைக்கும் அம்முறையே ஏற்றது: உச்சியில் காடு, சரிவில் சமமட்ட வரப்புடன் தானியமும் மரநிழற் பயிரும், பள்ளத்தில் நெல். மரவள்ளியை அறவே விலக்க வேண்டுவதில்லை. செங்குத்தான சரிவினின்று இறக்கினாற் போதும்.

இத்தகைய திட்டத்திற்கு அடிப்படை கிராமக் கணக்கே. சென்ற வருஷத்துப் பயிரையே பார்த்து அடங்கலில் மறுபடி எழுதிவிட்டால் திட்டப்படமும் பொய்த்துவிடும். நகல் திட்டம் பிரசுரமாகி ஆட்சேபணை கோரும்போது, நிலச்சுவான்தார்கள் தத்தம் சர்வே எண் எந்த உபயோகத்தில் காட்டப்பட்டுள்ளது என்பதைக் கெடு முடியுமுன் பார்த்து, மாறுபாடிருப்பின் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும்.