தனியே இருக்கும்போது காய்ச்சல் வந்தால்: ஒரு பொதி அரிசி, ஒரு லீற்றர் தண்ணீர்

மீள்குடியேறும் குடும்பங்களில் பெரும்பாலும் ஒருவர் முன்னதாக ஊருக்கு வருகிறார். பிள்ளைகள் பாடசாலைக்காக முன்பிருந்த இடத்திலேயே நிற்க, அவர் தற்காலிகக் கொட்டிலில் தங்கிக் காணியைத் துப்பரவு செய்கிறார். வெயிலும் மழையும் நுளம்பும் பழகாத தண்ணீரும் அவரைப் படுக்கையில் விழுத்தினால், அடுப்பு மூட்ட வேறு யாரும் இல்லை.

இப்படிக் காய்ச்சலில் கிடந்து எழும்பிய ஓர் அம்மா எங்களிடம் சொன்னார்: "எனக்கு ஒருத்திக்காக அடுப்பு மூட்டோணுமோ எண்டு இரண்டு நாள் வெறும் தேத்தண்ணியோட கிடந்தன் பிள்ளை. மூன்றாம் நாள் எழும்ப ஏலாமல் போச்சு."

உங்கள் ஒருவருக்காகவும் அடுப்பு மூட்டத்தான் வேண்டும். காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் உடல் நீரையும் உப்பையும் இழக்கிறது. பட்டினி கிடந்தால் உடல் மேலும் தளரும். வெறும் தண்ணீர் மட்டும் குடிப்பதும் போதாது. கஞ்சி, இளநீர், சூப், பழச்சாறு, ஜீவனி ஆகியவை நீரோடு உப்பையும் சத்தையும் தருகின்றன.

சுகமாக இருக்கும்போதே ஆயத்தம் செய்யுங்கள்

காய்ச்சலில் அரிசி புடைக்கவும் விறகு கொத்தவும் இயலாது. ஆகவே இன்றே மூடியுள்ள பேணி ஒன்றில் பின்வருவனவற்றை எடுத்து வையுங்கள்.

- நான்கு கஞ்சிப் பொதிகள். ஒவ்வொன்றிலும் கால் சுண்டு அரிசி அல்லது குறுணல், இரண்டு மேசைக்கரண்டி வறுத்துக் கோது நீக்கிய பயறு.
- மல்லி, மிளகு, சீரகம், செத்தல் மிளகாய், பழப்புளி, உப்பு.
- இரண்டு ஜீவனிப் பைக்கற்றுகள், ஒரு அட்டை பரசிற்றமோல்.
- தீப்பெட்டி. பேணிக்கு அருகே, நனையாத இடத்தில், ஒரு கட்டு சிறு விறகு.

கஞ்சி

1. ஒரு பொதியைக் கழுவிப் பானையில் இட்டு ஒரு லீற்றர் தண்ணீர் விடுங்கள்.
2. கொதித்ததும் நெருப்பைக் குறைத்து, அரிசியும் பயறும் கரையும்வரை அரை மணித்தியாலம் அளவில் அவிய விடுங்கள். அடுப்பருகே நிற்காமல் பலகையில் இருங்கள்.
3. இரண்டு பல்லு உள்ளியைத் தட்டிப் போட்டு, உப்பிட்டு இறக்குங்கள்.

வயிற்றோட்டமோ சத்தியோ இல்லாவிட்டால் சிறிது தேங்காய்ப்பால் சேர்க்கலாம். தலைச்சுற்று இருக்கும்போது கொதிக்கும் பானையைத் தூக்க வேண்டாம். அகப்பையால் கோப்பையில் அள்ளுங்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் சிறிது சிறிதாகக் குடியுங்கள். மிஞ்சிய கஞ்சியை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம். சுடுதண்ணீர்ப் போத்தல் இருந்தால் பால் விடாத கஞ்சியைச் சூட்டோடு அதில் ஊற்றிப் படுக்கைக்கு அருகில் வையுங்கள்.

ரசம்

இந்தியாவில் இருந்து திரும்பியவர்களுக்கு ரசத்தைச் சோற்றோடு குழைத்து உண்ணும் பழக்கம் இருக்கும். இங்கே கோப்பையில் ஊற்றியும் குடிப்போம். வாய் கசந்து எதுவும் இறங்காத நேரத்தில் இரண்டும் உதவும்.

ஒரு மேசைக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு செத்தல் மிளகாய், மூன்று பல்லு உள்ளி ஆகியவற்றை ஒன்றாக இடியுங்கள். சிறு நெல்லிக்காயளவு பழப்புளியை மூன்று கோப்பை தண்ணீரில் கரைத்து, இடித்ததையும் மஞ்சள், உப்பு, கறிவேப்பிலையையும் சேர்த்துக் கொதிக்க வையுங்கள். நன்கு கொதித்து நுரைத்து வரும்போது இறக்குங்கள். வயிறு எரிந்தால் மிளகையும் புளியையும் குறையுங்கள்.

தண்ணீர்

நீண்டகாலம் பாவிக்காத கிணற்று நீரை இறைத்துத் துப்பரவு செய்து குளோரின் இடும்வரை குடிக்க வேண்டாம். இதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியைக் கேளுங்கள். குடிக்கும் நீரை எப்போதும் கொதித்தாறிய நீராக வைத்திருங்கள்.

வயிற்றோட்டத்துக்கு ஒரு ஜீவனிப் பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிக்கலாம். 24 மணித்தியாலத்தின் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். நீரிழிவு, சிறுநீரக அல்லது இருதய நோய் உள்ளவர்கள் எவ்வளவு, எதைக் குடிக்கலாம் என்பதை வைத்தியரிடம் முன்னரே கேட்டு வையுங்கள்.

டெங்கு என்ற சந்தேகம் இருந்தால்

- காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், சொல்லப்பட்ட அளவில். வைத்தியர் சொல்லாமல் அஸ்பிரின், இபுபுறோபன், டைக்குளோபினாக் எடுக்க வேண்டாம். இவை இரத்தக்கசிவைக் கூட்டும்.
- பீற்றூட் போன்ற சிவப்பு, கபில நிற உணவு பானங்களைத் தவிருங்கள். சத்தி எடுத்தால் அது இரத்தமா உணவா என்று தெரியாமல் போகும்.
- மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் அதுவரை காத்திருக்க வேண்டாம்.
- காய்ச்சல் விட்டதும் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். டெங்குவின் ஆபத்தான நேரம் பெரும்பாலும் காய்ச்சல் குறையும்போதே தொடங்குகிறது.

அடுப்பை விட்டு உடனே புறப்பட வேண்டிய நேரம்

தொடர்ந்து சத்தி, கடுமையான வயிற்று வலி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், கைகால் குளிர்தல், மயக்கம், 6 மணித்தியாலமாகச் சலம் போகாமை, எதையும் குடிக்க இயலாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் கஞ்சி மருந்தாகாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வயலில் அல்லது தேங்கிய நீரில் இறங்கி வேலை செய்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். இந்தியாவில் இருந்து அண்மையில் திரும்பியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக உறுதிப்படுத்தப்பட்டது. ஆனாலும் வெளிநாட்டில் தொற்றிய மலேரியாவோடு ஒருவர் வரக்கூடும்.

அயலோடு ஓர் உடன்பாடு

அருகில் உள்ள குடும்பத்தோடு இன்றே பேசி வையுங்கள்: "காலை எட்டு மணிக்கும் என் அடுப்பில் புகை வராவிட்டால் ஒருக்கால் எட்டிப் பாருங்கோ." நீங்களும் அவர்கள் வீட்டை அப்படியே பாருங்கள். பல வருடங்களின் பின் திரும்பிய ஊரில் வேலி அடைக்கும் முன்னரே இந்த உறவை ஏற்படுத்திக்கொள்ளலாம்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் வீட்டில் நோயாளிக்கு எந்தக் கஞ்சி காய்ச்சுவார்கள்? அதைத் தனியொருவர் இலகுவாகச் செய்ய எதைக் குறைக்கலாம்?
2. உங்கள் வீதியில் தனியே தங்கியிருப்பவர்கள் யார்? அவர்களைக் காலையில் யார் பார்ப்பது?
3. உங்கள் இடத்தில் இருந்து மிக அருகிலுள்ள வைத்தியசாலைக்கு இரவில் எப்படிப் போவீர்கள்?